சம்பந்தி விட்டுப்போன ஆறு கோரிகள்

நசினு,
5 நவம்பர் 2000

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி ராமச்சந்திரன் அவர்களின் சமூகத்துக்கு நடராஜன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சுஷீலாவும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். உங்கள் மீன்கள் ஆறும் எங்களைவிடச் சுகம். பிரிஸ்பேனில் தாங்களும் சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை ஷாலேஷும், மாதமாக இருக்கும் என் மகள் ப்ரீதிகாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறோம்.

போன வாரம் தாங்கள் டெலிபோனில், "விசா வந்து ரெண்டு மாசம் ஆவுது, இன்னும் டிக்கெட் எடுக்காம இன்னா பண்றீங்க சம்பந்தி?" என்று கேட்டீர்கள். 'லைன் சரியில்லை' என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே இப்போது எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன். சுஷீலா வருவாள். நான் வருவதற்கில்லை. அதற்குக் காரணம், மன்னிக்க வேண்டும், தாங்கள்தான்.

ஜூன் மாதம் லாமியில் வீட்டைப் பூட்டிவிட்டு, கண்ணாடித் தொட்டியை டாக்சியின் பின்னாலும் மீன் வாளியை மடியிலும் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினீர்களே, நினைவிருக்கிறதா? "ரெண்டே வாரம் சம்பந்தி. ஊர் அடங்கட்டும், வந்து எடுத்துக்கறேன்" என்றீர்கள். மே மாதம் துப்பாக்கியோடு நம் தீவின் பார்லிமென்டுக்குள் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்தவர்களும் இரண்டே வாரம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஊர் ஒருவாறு அடங்கிவிட்டது. தாங்கள் மட்டும் வரவில்லை. அங்கே பர்மனென்ட் ஆகிவிட்டதாகக் கேள்வி, மிக்க சந்தோஷம். பெண் கொடுத்த இடத்தில் 'உங்கள் மீனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல முடியுமா? வாங்கி வைத்துக்கொண்டேன். பெண்ணைக் கொடுத்தேன், மீனைப் பெற்றேன்.

வாளியோடு ஒரு காகிதமும் கொடுத்தீர்கள். அழகான தமிழில், மணிமணியான எழுத்தில் எழுதியிருந்தீர்கள். 'கோரி, வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றவும். கோரி, தீனி அடியில் போய் விழும்படி போடவும்.' சம்பந்தி, நான் கோயில் கமிட்டிக்குப் பதினேழு வருடம் காரியதரிசியாக இருந்து 'அனுமதி கோரி', 'ஆதரவு கோரி' என்று மனு எழுதிய கை. தமிழில் கோரி என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். மீனிடம் கேட்டுக்கொண்டுதான் தண்ணீர் மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பொழுது சாய்ந்த பிறகு செடியில் பூப்பறிக்க நேர்ந்தால் செடியைக் கேட்டுவிட்டுப் பறிக்கிறவர்கள் இல்லையா, அதுபோல இது உங்கள் குடும்ப வழக்கம், சம்பந்தி வீட்டு வழக்கத்தில் நம்மால் ஒரு குறை வரக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால் கைகட்டி நின்று, "தண்ணி மாத்தலாங்களா?" என்று கேட்பேன். ஏதாவது ஒன்று அடியிலிருந்து சட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். சரி, சம்மதம் என்று வாளியை எடுப்பேன். இப்படிப் பத்து ஞாயிறு நடந்தது.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை ஒரு நாள் கூப்பிட்டார். சுஷீலா எடுத்தாள். அவர் அவருக்கு வந்த இந்தியில், "கோரி லோக் கைஸே ஹை?" என்று நலம் விசாரித்திருக்கிறார். இங்கே பேசுகிற இந்தியில் கோரி என்றால் வெள்ளைக்காரப் பெண்பிள்ளை என்பது தாங்கள் அறியாததல்ல. இவள் ஒன்றும் புரியாமல் என்னிடம் வந்து, "எந்தக் கோரிங்கள எல்லாம் உனுக்குத் தெரியும்? மாப்ள வெசாரிக்கிறாரு" என்றாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், பாதிதான் காதில் விழ, மாப்பிள்ளை எப்போதும்போல மீனைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, "ஆறும் நல்லா இருக்குன்னு சொல்லு" என்றேன். அறுபத்திரண்டு வயதில் இரண்டு நாள் எனக்குச் சோறு வரவில்லை. மூன்றாம் நாள் மாப்பிள்ளையே மறுபடி கூப்பிட்டு, கோரி என்பது இந்தச் சாதி மீனின் பெயர் என்று விளக்கினார். சுஷீலா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. பத்து வாரம் மீனிடம் மனுப் போட்டவன் எப்படிச் சிரிப்பேன்?

பெயர் தெரிந்த பிறகும் கேட்பதை நான் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் காரணம், அவை பழகிவிட்டன. இரண்டாவது, இந்த வருஷம் இந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்டு எதையும் செய்யவில்லை. ஒரு இடத்திலாவது கேட்டுவிட்டுச் செய்வோமே என்று இருந்தது.

அடுத்தது மீசை விஷயம். ஆகஸ்டில் ஒரு நாள் கண்ணாடிக்கு மூக்கை வைத்துப் பார்க்கும்போது, ஒவ்வொன்றுக்கும் வாயோரத்தில் இருக்கிற மீசை தேய்ந்து குட்டையாகியிருந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டால், "அடியில போட்டிருக்கிற கல்லு கூர் மாமா. அதுங்க மூஞ்சால தோண்டித்தான் தின்னும். சன்ன மணல் போடுங்க, கடல் மணல் ஆவாது, ஆத்து மணல்" என்றார். நான் மினிபஸ் பிடித்து நவ்சோரி போய், ரேவா ஆற்றங்கரையில் ஒரு சாக்கு மணல் அள்ளிக்கொண்டு திரும்பினேன். வழியில் செக்போஸ்ட். சிப்பாய்ப் பையன் ஒருவன் பஸ்ஸில் ஏறி, என் காலடியில் இருந்த மணல் சாக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், துப்பாக்கியை மாற்றிப் பிடித்துக்கொண்டான். அவர்களே மணல் மூட்டையை அடுக்கி அதற்குப் பின்னால் நிற்கிறவர்கள். ஒரு கிழவன் தனக்கென்று ஒன்று கொண்டுபோனால் சந்தேகம் வராதா? இறங்கு என்றான். இறங்கினேன். அவனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான். அதில், மீனுக்கு மீசை தேய்ந்துவிட்டது, அதற்காகத்தான் மணல் என்று சொன்னேன். "மச்லி கே மூச்?" என்று கேட்டான். ஆமாம், மீனுக்கு மீசை என்றேன். அவன் சத்தம் போட்டு மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னேன். ஆபீசர் வந்தார், அவருக்காக மூன்றாம் தரம். விரலை வாயோரத்தில் வைத்து ஆட்டியும் காட்டினேன். மே மாதத்துக்குப் பிறகு அந்த ரோட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் இருக்கும். பஸ் அதுவரை நின்றது, சிரித்தவர்களில் டிரைவரும் ஒருவர். மணலைத் தாங்கள் பார்க்க வேண்டும், மாவு மாதிரி. இப்போது மீசை வளர்ந்துவிட்டது.

கலகத்தில் ஊர் முழுக்கக் கரன்ட் போன கதை தங்களுக்குத் தெரியும். விளக்கு இல்லாமல் இருந்துவிடலாம், காற்றுப் பம்பு இல்லாமல் மீன் இருக்குமா? நானும் சுஷீலாவும் முறை வைத்துக்கொண்டு, செம்பில் மொண்டு மொண்டு உயரத் தூக்கி, டீ ஆற்றுகிறாற்போல ஆற்றி ஊற்றினோம். பகலெல்லாம் ஆற்றிய கை அடுத்த நாள் சட்டைக்குள் நுழையவில்லை. "எம் பொண்ணக் கூட நான் இப்படிப் பாத்துக்கல" என்று அவள் சொல்லிக்கொண்டேதான் ஆற்றினாள்.

'மீனை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்களேன்' என்று தாங்கள் சொல்வீர்கள். யாரிடம்? எல்லாரும் நாட்டை விட்டுப் போன பிறகு தெருவில் மிச்சம் இருப்பது பக்கத்து வீட்டு அப்பல்சாமி ஒருவர்தான். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், தங்கமான மனுஷர், சாயங்காலமானால் வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கிராக் கலக்கிக் குடிக்காமல் இருக்க முடியாது. குழாய்த் தண்ணீரில் போடுகிற மருந்து போவதற்காக நான் வராந்தாவில் ஒரு நாள் முன்னாலேயே வாளியில் பிடித்து வைப்பேன். தண்ணீர் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் மீட்டர் பார்த்து, அந்தத் தண்ணீரை ஊரெல்லாம் குடிக்கவைத்தவன் நான். ஆறு மீனுக்கு அது ஆகாது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். அது போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பல்சாமி அதே மாதிரி வாளி ஒன்றில் கிராக் கலக்கி மீன் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் வழக்கம்போலக் கேட்டேன், அவை வழக்கம்போலச் சம்மதித்தன, தவறான வாளியை எடுத்துக் கவிழ்த்துவிட்டேன். தொட்டி ரேவா ஆற்று வெள்ளம் போல ஆகிவிட்டது. ஆறும் அடியில் அசையாமல் கிடந்தன. ஆனால் சம்பந்தி, அவை எப்போதுமே அடியில் அசையாமல்தானே கிடக்கின்றன? மயக்கத்தில் கிடக்கின்றனவா, பழக்கத்தில் கிடக்கின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பல்சாமி குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத் தூங்குது அண்ணே, எய்ப்பாத. எனுக்குக் கூட அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் சுஷீலாவும் நாலு தடவை தண்ணீர் மாற்றினோம். கடைசியில் ஒன்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. இந்த மீன் கண்ணைச் சிமிட்டும் என்று தாங்கள் காகிதத்தில் எழுதவே இல்லை. பிழைத்துவிட்டது என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனுஷரிடம் எப்படி விட்டுவிட்டு வருவேன்? தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் நம்மில் வழக்கம். இப்போது தாய்வீடு பிளேன் ஏறிப் பெண்ணிடம் போக வேண்டியிருக்கிறது. தாய் போகட்டும், வீடு இங்கேயே இருக்கட்டும். இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம். கடையில், கோயிலில், மினிபஸ்ஸில், யாரைப் பார்த்தாலும் 'நீங்க எப்பப் போறீங்க?' என்றுதான் கேட்கிறார்கள். 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதை விட்டு ஆறு மாதமாகிறது. அப்படிக் கேட்காத ஜீவன்கள் இந்த ஆறும்தான். ஆகையால் என்னை மன்னித்து, மேற்படி மீன்களின் நலன் கருதி, நான் இங்கேயே இருக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ப்ரீதிகாவுக்குச் சுகப்பிரசவம் ஆக அம்மன் துணை நிற்பாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள் நூறு. சம்பந்தியம்மாளுக்கு சுஷீலாவின் வணக்கமும், கொடுத்தனுப்பப்போகும் எலுமிச்சை ஊறுகாய் பற்றிய முன்னறிவிப்பும். தங்கள் பாதுகாப்பையும் ஆரோக்கியத்தையும் என்றும் விரும்பும்,

நடராஜன்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் ஐந்து நாள் ஓடிவிட்டது. மேஜைமேல் கிடந்ததை சுஷீலா எடுத்துப் படித்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மீனு மீனுன்னு நாலு பக்கம் எய்திகிற. அங்க வந்து மருமவன் ஊட்ல சும்மா குந்திக்கினு இருக்கணும்னு பயமா இருக்குதுன்னு ஒரு வரி எய்தலியே" என்றாள். அவளே போய் அப்பல்சாமியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் தன் கிராக் வாளிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டு வந்து, மணலோடு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் எதையோ கேட்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். ஆறும் மண்ணைக் கிளறித் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி கெட்ட ஜாதி.

டிசம்பர் இரண்டாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் படித்ததாகவே காட்டிக்கொள்ள வேண்டாம், முக்கியமாக ப்ரீதிகாவிடம். ஒரே ஒரு உதவி. மாப்பிள்ளையிடம் சொல்லி வீட்டில் ஒரு தொட்டி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வெறும் தொட்டி போதும். மணலும் வேண்டாம், மீனும் வேண்டாம், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன். வந்து இறங்கிய மறுநாள் காலையில் எழுந்தால் எனக்குச் செய்ய ஒரு வேலை வேண்டும்.