மேட்டில் நட்ட மகிழம்

என் மனைவி காலமான பிறகு அவள் பேச்சைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அவள் இருந்தபோது இப்படி ஒரு முடிவை எடுக்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. வந்திருந்தாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எடுத்திருப்பேன். நான் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் மனிதர்களை ஏற்றி இறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்துக் காலம் தள்ளியவன். வீட்டில் பொத்தான்கள் எல்லாம் அவள் பக்கம் இருந்தன. அவள் அழுத்தினால் ஏறுவேன். மறுபடி அழுத்தினால் இறங்குவேன். நடுவில் நின்றுவிட்டால் ஒரு தட்டுத் தட்டுவாள்.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். டேப்பைக் கையில் எடுக்காமலே, ஆளை ஒரு பார்வை பார்த்து அளவு சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் நான் ஒரு விஷயத்தை மறைக்கப் பார்த்தேன். வெகுகாலம் ஆகிவிட்டது. இனி சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

இனிமேல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்ட வாரம். ஜன்னலோரம் உட்கார்ந்து யாரோ ஒரு பிள்ளையின் பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்க ஏரிக்கரையில செத்தவங்க நினைவா மரம் வைக்கிறாங்கள்ல?"

"வைக்கிறாங்க. உறுப்பினர் குடும்பத்துக்கு மட்டும்."

"நீங்க உறுப்பினர்தானே?"

"ஆமாம். நான் செத்தா நீ வைக்கலாம்."

"வரிசையில முந்தாதீங்க. எனக்கு ஒண்ணு வைங்க."

அந்த ஏரி சந்தா கட்டி மீன் பிடிக்கிற ஏரி. வீட்டிலிருந்து பேருந்தில் போகலாம். விடுமுறை நாளில் தூண்டிலைப் போட்டுவிட்டு அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் ஒரே கெட்ட பழக்கம். அவள் அந்த ஏரிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். "சக்களத்தி வீட்டுக்குப் போயிட்டு வந்தாச்சா? இன்னிக்கு என்ன குடுத்தனுப்பினா?" என்பாள். பெரும்பாலும் நான் வெறுங்கையோடு வருவேன். "கஞ்சப் பிசினாறி. இவளைப் போயா தேடிப் போறீங்க?" என்பாள்.

"உனக்குத்தான் அந்த ஏரியைக் கண்டாலே ஆகாதே," என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன். நான் போனப்புறம் அவ உங்களை முழுசா வளைச்சுப் போட்டுக்குவா. பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். ஒரு தம்ளர் தண்ணீர் எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

நான் மறைத்த விஷயம் இதுதான். அவள் போன பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று உள்ளுக்குள் தீர்மானித்திருந்தேன். ஏரி வேண்டாம், தூண்டில் வேண்டாம், மனிதர்கள் வேண்டாம். கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு என் முறை வரும்வரை படுத்திருப்பது. சோம்பேறிகூடப் பிசகில்லாமல் செய்து முடிக்கக்கூடிய திட்டம். அதற்கு நடுவில் ஒரு மரம் வந்து நின்றால் எப்படி?

நாற்றுப் பண்ணைக்குப் போனோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கை கனக்கவே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இதப் பாரு, நீர்மருது. தண்ணிக் கரையில வெச்சா தானா வளருமாம்."

"தானா வளர்றதுக்கு நீங்க எதுக்கு?"

"அப்ப வேம்பு. கல்லுலகூட வளரும்."

"நான் முழுங்கின மாத்திரைக் கசப்பு போதாதா? செத்தும் கசக்கணுமா?"

ஒரு மகிழங்கன்றின் முன்னால் நின்றாள். முழங்கால் உயரம். அப்படியொன்றும் லட்சணமாகவும் இல்லை. பண்ணைக்காரர் வந்தார்.

"இது எப்படிங்க?"

"மெதுவாத்தாம்மா வரும். வேர் பிடிக்கிற வரைக்கும் தினம் ஒரு வாளி ஊத்தணும். விட்டா காஞ்சிடும்."

"தினமுமா?"

"தினமும்."

கடையில் நல்ல துணி ஒன்று கண்ணில் பட்டால் வருமே, அந்த முகம் அவளுக்கு வந்தது. "இதுதான்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பூ நல்லா மணக்கும்ங்க," என்றாள். பூவுக்காகத்தான் என்று நானும் நம்பினேன்.

"தினம் போய்த் தண்ணி ஊத்துவீங்களா?"

"ஊத்தறேன்."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"ஊத்தறேன்னு சொல்றேன்ல. வேணுங்கறப்ப வந்து வாங்கிக்கலாம், வா."

உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை என்னை ஒரு தரம் பார்த்தாள். "சரி," என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னது கிடையாது. நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

மழைக்காலம் ஓய்ந்த சமயத்தில் போய்விட்டாள்.

வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். தையல் இயந்திரத்தின் மேல் யாரோ ஒரு துணியைப் போர்த்திவிட்டிருந்தார்கள். அவள் இருந்த நாளெல்லாம் வீட்டில் வெறுங்காலோடு நடக்க முடியாது, குண்டூசி குத்தும். அதற்காக எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். இப்போது அறை அறையாக நடந்து பார்த்தேன். ஒன்றுகூடக் குத்தவில்லை. வந்தவர்கள் சுத்தமாகப் பெருக்கிவிட்டிருந்தார்கள்.

என் முடிவை நிறைவேற்றும் நேரம் வந்துவிட்டது. மரம் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. என்ன மரம், எங்கே என்பதை இனி நான்தான் தீர்மானிப்பேன். அதே பண்ணைக்குப் போய் நீர்மருது வாங்கினேன். தண்ணீரை ஒட்டி வைத்துவிட்டால் ஏரியே பார்த்துக்கொள்ளும். சக்களத்தி ஊட்டி வளர்க்கட்டும். நான் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

ஏரி வாசலில் ஒரு பலகை உண்டு: "பேசாதீர்கள். மீன்களுக்குக் கேட்கும்." அந்தப் பலகைக்குக் காவலாக இருப்பவர்தான் ஏரியின் காவலாளி. தூண்டில் கயிற்றில் மிதக்கும் தக்கை மாதிரி எந்நேரமும் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பார். அதனால் எல்லோரும் அவரைத் தக்கை என்றே கூப்பிடுவோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. அதற்கும் தலையை ஆட்டினார்.

"வாங்கண்ணே," என்றார், உதட்டை மட்டும் அசைத்து.

"மரம் வைக்க வந்தேன்," என்று நானும் காற்றாகப் பேசினேன்.

"தெரியும். குழி வெட்டியாச்சு."

"எங்க?"

கரையின் உச்சி மேட்டைக் காட்டினார். ஏரிக்குச் சொந்தமான நிலத்தில் தண்ணீருக்கு அதைவிடத் தள்ளி ஓர் இடம் இல்லை. முழுக்கச் சரளைக்கல்.

"அங்க எதுக்கு? தண்ணி ஓரமா வைக்கலாமே."

"அண்ணி பாத்து வெச்ச இடம்ணே."

"அவ எப்ப வந்தா?"

"நீங்க வலி மருந்து வாங்கப் போயிருந்தப்ப. வாடகைக்கு வண்டி பிடிச்சு வந்தாங்க. 'அவரு தண்ணி ஓரமா கேப்பாரு, குடுத்துடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

தன் கொட்டகைக்குள் போய் ஒரு கன்றைத் தூக்கி வந்தார். மகிழம். லட்சணமில்லாத அதே மகிழம்.

"இது?"

"இதையும் அண்ணிதான் அனுப்பி வெச்சாங்க. நீங்க வேற ஏதாவது தூக்கிட்டு வருவீங்கன்னு…" என்றவர், என் இடுப்பில் இருந்த நீர்மருதைப் பார்த்துவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர். ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் தூண்டில் போட்டிருந்த ஒருவர் எங்களைத் திரும்பி முறைத்தார். அதன்பிறகு பேச்சில்லை. மேட்டில் ஏறிக் கன்றைக் குழியில் இறக்கினேன். மண்ணைக் கையால் தள்ளும்போது, அந்த மாதத்தில் இரண்டாம் தடவையாக இதைச் செய்கிறேன் என்று தோன்றியது. மண் தள்ளத் தெரிந்தவன் ஆகிவிட்டேன். ஒரு வாளி ஊற்றிவிட்டு, நீர்மருதைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். நெரிசலில் அதற்கு உட்கார இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, மரம் வைத்தாயிற்று. தண்ணீர் ஊற்றப் போனால்தானே? மறுநாள் திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். போனவள் எழுந்து வந்தா என்னைக் கிளப்பப் போகிறாள்?

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. தக்கை.

"இன்னிக்கு வரலியேண்ணே. நானே ஒரு வாளி ஊத்திட்டேன். உடம்பு சரியில்லையோன்னு பாக்க வந்தேன்."

வந்தவர் உட்கார்ந்தார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரிக்கு உள்ளே இருக்கும் தக்கை வேறு, வெளியே வந்த தக்கை வேறு. பகலெல்லாம் அணை கட்டி நிறுத்திய பேச்சு, வாசலைத் தாண்டியதும் உடைத்துக்கொண்டு வரும். ஒருமுறை ஏரி மூடும் நேரத்தில் கிளம்பி, பேருந்து நிறுத்தம்வரை அவரோடு நடந்து வந்து மாட்டிக்கொண்டேன். கடைசிப் பேருந்தில் வீட்டுக்கு வந்து, காது இரண்டும் போய்விட்டது என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் சிரித்துச் சிரித்து ஊசியைத் தவறவிட்டாள்.

அன்றைக்கு அவர் பேசியது: கைக்கடிகாரத்தை விழுங்கிய கெளுத்தி மீன், தன் தோள்பட்டை வலி, தன் மைத்துனர் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள், அதில் எந்தெந்தத் திருகாணி இல்லை என்பது. நான் கொட்டாவி விட்டேன். ஆச்சரியத்தில் வாயைப் பிளக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் விளக்கமாகச் சொன்னார்.

மறுநாளும் போகவில்லை. சாயங்காலம் விளக்கை ஏற்றாமல், மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

"தூங்கறீங்களாண்ணே?" என்றது கதவுக்கு அப்பால் குரல். "பரவாயில்ல, எழுந்திருக்க வேணாம். படுத்துட்டே கேளுங்க." படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அதற்கடுத்த நாள் போய்த் தண்ணீர் ஊற்றினேன். அன்று சாயங்காலம் யாரும் வரவில்லை. சோதித்துப் பார்க்க மறுபடி ஒரு நாள் போகாமல் இருந்தேன். வந்துவிட்டார். மின்சுற்றுகளோடு காலம் தள்ளியவனுக்கு இது புரியாமல் போகுமா? நான் போனால் அவர் வருவதில்லை. நான் போகாவிட்டால் அவர் வருவார். அந்த மனிதர் வாய் திறக்காத ஒரே இடம் உலகத்திலேயே அந்த ஏரிதான்.

ஆகவே தினமும் போனேன். வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் கொஞ்சம் உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து யாராவது ஒருவர் தன் தூண்டிலை நீட்டி, "கொஞ்சம் பிடிங்க" என்று சைகை காட்டுவார். வீட்டுக்கு வந்தால் பசிக்கும். பசித்தால் சமைக்க வேண்டும். சமைத்தால் பாத்திரம் கழுவ வேண்டும். என்னை யாரும் மகிழ்விக்கவில்லை. நான் சந்தோஷமாகவும் இல்லை. படுத்திருக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த மழைக்காலம் வந்தது. விடாமல் கொட்டியது. இனி வானமே ஊற்றிக்கொள்ளும். அப்பாடா என்று திரையை இழுத்தேன். சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். உள்ளே விட்டேன். துண்டு கொடுத்தேன். இன்றைக்கு முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும்ணே. நான் முதல்ல சொல்லிடறேனே."

சொல்லவில்லை. துண்டை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். அவர் பேசாமல் இருந்ததை ஏரிக்கு வெளியே அன்றுதான் பார்த்தேன்.

"எங்க வீட்ல நான் வாயத் திறந்தா ஒவ்வொருத்தரா எழுந்து போயிடுவாங்கண்ணே. ஏரியில பேசவே கூடாது. இடம் பாக்க வந்த அன்னிக்கு அண்ணி என்னை உக்காத்தி வெச்சு சொன்னாங்க. 'எங்க வீட்டுக்காரருக்கு உங்க பேச்சுன்னா உயிர். கூச்ச சுபாவம், தானா கேக்க மாட்டாரு. அவரு ஏரிக்கு வராத அன்னிக்கெல்லாம் நீங்களே வீட்டுக்குப் போய்ப் பேசுங்க'ன்னு. இத்தனை வருஷத்துல என் பேச்சைக் கேக்கணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டாருன்னா, அது நீங்கதான்."

வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. நான் தையல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சில நாள் உங்க முகத்தைப் பாத்தா எனக்கே சந்தேகம் வரும்," என்றார். "அண்ணி சொன்னது நிஜம்தானேண்ணே?"

ஒரே ஒரு வார்த்தை. இல்லை என்று சொன்னால் போதும். அவர் எழுந்து போய்விடுவார், திரும்பி வரமாட்டார். திரையும் கட்டிலும் என் திட்டமும் எனக்கே எனக்கு. மறுத்துப் பேச அவளும் இல்லை.

அவர் தலை ஆடாமல் நின்றிருந்தது.

"நிஜம்தான்," என்றேன்.

"அப்படின்னா இனிமே நீங்க ஏரிக்கு வர்ற அன்னிக்கும் நான் வந்துடறேண்ணே," என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார் தக்கை.