வெறும் மாத்திரையின் பக்கவிளைவுகள்

நோயாளியாக இருப்பதில் ஒரு பெருமையும் கிடையாது. ஆராய்ச்சிக்குப் பயன்படும் நோயாளி என்றால் கதையே வேறு.

எனக்கு சொரியாசிஸ். முழங்கையிலும் முதுகிலும் தோல் சிவந்து செதிலாக உதிரும். மலைமேல் வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கிறேன். சேலத்து மருத்துவமனை ஒன்றில், சர்க்கரை நோய்க்கு நெடுநாளாகக் கொடுத்துவரும் மாத்திரை இதற்கும் கேட்குமா என்று சோதித்தார்கள். சேர்ந்தேன். சிலருக்கு மருந்து, சிலருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாதாம். (எனக்குத் தெரியும். என்னைப் போன்ற ஆளுக்கு வெறும் மாத்திரையா கொடுப்பார்கள்?)

அபூர்வமாகச் சர்க்கரை இறங்கலாம், தலை சுற்றினால் இனிப்பு சாப்பிட்டுவிட்டு உடனே போன் செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா. என் காதில் இனிப்பு மட்டும் விழுந்தது. அன்றிலிருந்து ஆபீசில் யார் மைசூர்பாகு கொண்டுவந்தாலும் எனக்குத் தலை சுற்றியது.

மைத்துனன் நிச்சயதார்த்தத்துக்கு வேனில் சேலம் இறங்கினோம். பெண் வீட்டுக்கான லட்டுத் தட்டை என் மடியில் வைத்தது மாமியார் செய்த பிழை. கொண்டை ஊசி வளைவுகளில் உண்மையாகவே கண் இருட்டியது. தட்டைப் பிரித்தேன். தின்னத் தின்ன மயக்கம் கூடியது. செத்துவிடுவேன் என்றே நம்பி, மனைவியின் கையைப் பிடித்து, மகளை நன்றாகப் படிக்க வைக்கச் சொன்னேன். எதற்கும் கலங்காத அவளே அழுதுவிட்டாள். வேன் நேராக அந்த மருத்துவமனைக்கே போனது.

பட்டும் பூவும் சீர்த்தட்டுமாக மொத்தக் குடும்பமும் என் கட்டிலைச் சுற்றி நின்றது. ரத்தம் சோதித்த டாக்டரம்மா, சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருக்கிறது என்றார். மாத்திரைதான் உள்ளே ஏதோ செய்கிறது என்று நான் அடம்பிடித்தேன். வேறு வழியில்லாமல், பெரிய டாக்டரிடம் கேட்டு, எனக்கு வந்தது எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைத் திறந்து பார்த்தார்.

"உங்களுக்குக் குடுத்தது வெறும் மாத்திரைங்க."

மனைவி அழுகையை நிறுத்தினாள். "அதுல என்னங்க இருக்கும்?"

"மாவுதானுங்க."

அதற்குள் நல்ல நேரம் போய் ராகுகாலம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாருக்கோ மயக்கம் என்று மட்டும் கேள்விப்பட்ட பெண்ணின் அப்பா, பரம்பரை நோயோ என்று போனில் சந்தேகப்பட, மைத்துனன் என் மானத்தைக் கொடுத்துக் கல்யாணத்தைக் காப்பாற்றினான்: நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சாயங்காலம் பாதித் தட்டு லட்டோடு நிச்சயம் நடந்தது.

இப்போது எனக்கு நிஜமாகவே சர்க்கரை. அன்று எனக்குக் கிடைக்காத அதே மாத்திரையைத் தினமும் விழுங்குகிறேன். மாமியார் வீட்டுப் பந்தியில் நான் அதை வாயில் போடும்போதெல்லாம், மைத்துனன் மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டு அக்கறையோடு கேட்பாள்:

"ஏனுங்கண்ணா, இதாச்சும் நெசமானதுங்களா?"