கரும்பலகையைத் துடைக்கக் கூடாது

ரோட்டர்டாம் யூதர்களின் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கவேண்டிய செய்தி இது: எங்கள் ஆலயத்து ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் ஒரு குழந்தை, யாரும் தூண்டாமல், தானாகவே கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்டது.

அதுவரை அங்கே கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள். "எப்ப விடுவீங்க?" "பிஸ்கட் தீர்ந்துபோச்சா?"

கேட்டவள் தீர்ட்சா. எட்டு வயது. வசந்தம் வரை அப்பாவின் சைக்கிளில் வந்தவள், இப்போது அம்மாவின் சைக்கிளில் வருகிறாள்.

"சார், கடவுளோட பேரை எழுதிட்டா அப்புறம் அழிக்கவே கூடாதாமே?"

எபிரேய ஆசிரியர் சிமோன் ட்ருக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"கூடாதும்மா. எழுதின தாளைக் குப்பையில போடவும் கூடாது. பழசானா கல்லறைத் தோட்டத்துல மரியாதையாப் புதைக்கணும். அதனாலதான் நாம ஒரே எழுத்தோட நிறுத்திக்கறோம்."

"பெரியவங்க நினைச்சா?"

"நம்ம மதகுரு, ரபியே நினைச்சாலும் முடியாது."

"அப்போ முழுசா எழுதக் கத்துக்குடுங்க."

வேறு ஆசிரியராக இருந்தால் பேச்சை மாற்றியிருப்பார். ட்ருக்கரால் முடியவில்லை. சின்ன வயதில் இதே அறையில், பிரார்த்தனையின்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏதோ ஒன்று வந்து தன்னைத் தொடும் என்று காத்திருந்தவர் அவர். தூக்கம்தான் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் காத்திருக்கிறார். தனக்கு வராதது ஒரு குழந்தைக்காவது வரக்கூடாதா என்பதற்காகத்தான் ஞாயிறுதோறும் மழையில் நனைந்து வருகிறார்.

திருநாமத்தின் நான்கு எழுத்துகளையும் எழுதினார். தீர்ட்சா நாக்கைத் துருத்திக்கொண்டு, பலகை முழுக்க அதையே பெரிதாக எழுதிப் பழகினாள்.

மணி அடித்தது. தலைமையாசிரியர் டாக்டர் நபாரோ உள்ளே வந்தார். பல் டாக்டர்தான், ஆனால் பேச்சு தீர்க்கதரிசி மாதிரி இருக்கும்.

"பலகையைத் துடைங்க, ட்ருக்கர். பெரிய பசங்க வராங்க."

"நீங்களே துடைங்க டாக்டர்."

நபாரோ துடைப்பானை ஓங்கினார். படித்தார். இறக்கினார்.

ரபிக்குப் போன் போனது. பலகையைப் பத்திரமாக வையுங்கள் என்றார். இருவரும் அதைக் கண்ணாடி மாதிரி தூக்கிக்கொண்டு கிடங்கறைக்குப் போனார்கள். வழியில் நபாரோவின் கோட்டு மயிரிழையில் உரசாமல் தப்பியது.

புதுப் பலகை வந்தது. இதற்குள் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பேருண்மை புரிந்துவிட்டது: பலகையில் திருநாமம் இருந்தால் பாடம் கிடையாது. அடுத்த ஞாயிறு, ட்ருக்கர் குடையை மடக்குவதற்குள் புதுப் பலகையும் நிரம்பிவிட்டது. அதுவும் கிடங்கறைக்குப் போனது.

"இப்படியே போனா நாமளும் கிடங்கறையிலதான் உட்காரணும்," என்றார் நபாரோ.

"கோளாறு சாக்பீஸ்லதான் டாக்டர். யார் சட்டை பட்டாலும் அழியும். தாளும் அழியாத மை மார்க்கரும் குடுத்துடலாம். எழுதின தாளையெல்லாம் பெட்டியில போட்டு, அப்புறம் புதைச்சுக்கலாம்."

தாளில் எழுதினால் பாடம் நிற்காது என்று தெரிந்ததும் மற்றப் பிள்ளைகளின் பக்தி வடிந்தது. தீர்ட்சா மட்டும் தயங்கி நின்றாள்.

"சார், மார்க்கரை வீட்டுக்குக் கொண்டுபோகவா? அங்கயும் எழுதணும்."

ட்ருக்கர் உடனே எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் வந்து, "தீர்ந்துபோச்சு சார்," என்றாள். கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தார்.

ஹனுக்கா என்னும் விளக்குத் திருவிழாவுக்குப் பெற்றோர்கள் கூடினார்கள். எண்ணெயில் பொரித்த பணியாரங்கள் ஆறிக்கொண்டிருக்க, நபாரோ பேசினார்.

"நம்ம ஆன்மிகத் தேடல் திட்டம் ஒரு பிஞ்சு உள்ளத்துல சுடர் ஏத்தியிருக்கு. அந்தக் குழந்தை வீட்லயும் தினம் திருநாமம் எழுதறா."

அப்படி ஒரு திட்டம் இருப்பதே ட்ருக்கருக்கு அப்போதுதான் தெரியும். ஆனாலும் கடைசி வரிசையில் கண்ணை மூடி நின்றார். நாற்பது வருஷமாகத் தன்னிடம் வராமல் போக்குக் காட்டிய ஒன்று, இந்தப் பொண்ணின் வீட்டுக்கதவையாவது தட்டியிருக்கிறதே.

கதவு திறந்தது. மழைக்கோட்டு சொட்டச் சொட்ட தீர்ட்சாவின் அம்மா மார்யான் நின்றாள்.

"மார்க்கர் குடுத்த புண்ணியவான் யாரு?"

ட்ருக்கர் கூச்சத்தோடு கையை உயர்த்தினார். "நன்றியெல்லாம் எதுக்கும்மா."

"நன்றியா? அந்த மனுஷன் எங்களை விட்டுட்டுப் போனதுலேருந்து அவர் சாமானை ஒழிச்சுக்கட்டணும்னு பார்க்கறேன். இன்னைக்குத்தான் வேன் வந்துச்சு. சோபாவுல திருநாமம். அவர் சைக்கிள்ல திருநாமம். ஷூவுல திருநாமம், ரெண்டுலயும்."

நபாரோ நாற்காலியைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"ரபிக்குப் போன் பண்ணினா, எழுதின இடத்தை மட்டும் வெட்டி எடுத்து வெச்சுக்கோங்கறாரு. இவ எங்க இடம் விட்டிருக்கா? வேன் காலியாத் திரும்பிப் போச்சு."

ட்ருக்கர், பணியாரத் தட்டருகே நின்ற தீர்ட்சாவின் முன் குனிந்தார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எழுதறப்போ... கடவுள் பக்கத்துல வந்த மாதிரி ஏதாவது தோணுச்சாம்மா?"

தீர்ட்சா விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கிவிட்டுச் சொன்னாள்:

"இல்ல சார். அப்பா வந்தா உட்கார இடம் வேணும்ல."