மேசைக்கு வந்த புளிச்செர்ரி வைன்

ஜெர்மனி முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் வைன் அண்ணையைப் போல ஒரு வீம்புக்காரர் அகப்படமாட்டார். குளிர் வந்தால் நாங்கள் ஜாக்கெட் போடுவோம். அவர் குளிரோடு சண்டை போடுவார். "போடா, உன்னைப்போல எத்தினை பேரைப் பாத்திட்டன்!" என்று கொட்டும் பனியை அதட்டிவிட்டு, மறுநாள் காய்ச்சலில் படுப்பார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஹாலே நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பழத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். ஆப்பிள், பிளம்ஸ், புளிச்செர்ரி. மனைவி ரீற்றா அக்கா பழம் கழுவ, மகள் ஜெனி பிழிந்து பீப்பாயில் நொதிக்கவைக்க, அண்ணை ஊரோடு சண்டை பிடிக்க, குடும்பமாக வைன் வியாபாரம் தொடங்கியது. உண்மையில் வைன் செய்யத் தெரிந்தவள் ஜெனி ஒருத்திதான். அதற்கென்றே அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்து முடித்தவள். சனிக்கிழமைகளில் நானும் பழம் பறிக்கப் போவேன். சாப்பாடு அக்கா தருவார், திட்டு அண்ணை தருவார்.

"ஆப்பிளே விளையாத நாட்டுக்காரருக்கு ஆப்பிள் வைன் எதற்கு?" என்று பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரர் ஒருநாள் சிரித்தார். அண்ணை ஏணியில் நின்றபடியே, உடைந்த ஜெர்மனில் கேட்டார்: "உருளைக்கிழங்கும் உங்கட ஊர்ச் சாமான் இல்லை. கப்பலில வந்தது. அதை வேண்டாம் எண்டு விட்டனீங்களோ?" அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு அண்ணை முதல் புளிச்செர்ரி வைனைப் பூசைக்கென்று மாதா கோயிலுக்கே கொண்டுபோனார். பூசைக்குத் திராட்சை வைன் மட்டும்தான் ஆகும் என்று பாதிரியார் பொறுமையாக விளக்கினார். "ஆண்டவர் பிறந்த ஊரில புளிச்செர்ரி இருந்திருந்தா அவர் வேண்டாம் எண்டிருப்பாரோ, ஃபாதர்?" என்று அண்ணை மல்லுக்கு நின்றார். அக்கா இழுத்துக்கொண்டு வராவிட்டால் ரோமாபுரிக்கே போயிருப்பார்.

ஜெனிக்குக் கலியாணம் சரிவந்தபோதுதான் பெரிய சண்டை. நம்மவர் கொண்டாட்டங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: மண்டபத்துக்குள் சோடா, விஸ்கி வெளியே கார் டிக்கிக்குள். ஆண்கள் 'காற்று வாங்க'ப் போவார்கள். காற்று வாங்கிய முகத்தோடு திரும்புவார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் அண்ணைக்குப் போன் எடுத்தார்.

"மேசையில போத்தல் வைக்கப்போறியளாம். சனம் என்ன சொல்லும்? டிக்கியில வையுங்கோ, அண்ணை."

"என்ர பிள்ளை செய்த வைன் களவெடுத்த சாமானோ, ஒளிச்சு வைக்க? மேசையிலதான் இருக்கும்."

"அப்ப இந்தக் கலியாணத்தை நான் யோசிக்கவேண்டி வரும்."

"நல்லா யோசியுங்கோ!" அண்ணை போனை வைத்தார்.

"ஐயோ, இந்த மனுசன்ர வீம்பால என்ர பிள்ளையின்ர வாழ்க்கை போகப்போகுது!" என்று அக்கா அழுதார். ஜெனி அழவில்லை. "அம்மா, அப்பா சொல்லுறது சரி. அங்க போயும் நான் வைன்தான் செய்யப்போறன். இப்ப ஒளிச்சா எப்பவும் ஒளிக்கவேணும்" என்றாள்.

மாப்பிள்ளை விடாப்பிடியாக நின்றதால் கலியாண நாள் வந்தது. கோயிலில் தாலி கட்டியாயிற்று. மண்டபத்தில் மேசைக்கு மேசை புளிச்செர்ரி வைன். ஒருவர் தொடவேண்டுமே! சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போக, ஆண்களெல்லாம் பின்னால் போனார்கள். அண்ணை மட்டும் மார்பை நிமிர்த்தியபடி ஒரு போத்தலுக்குப் பக்கத்தில் காவல் நின்றார். யாரும் தொடாத கிளாஸ்களை ஒவ்வொன்றாய் நேராக்கினார்.

அப்போது ஜெனி மேடையை விட்டு இறங்கினாள். கூறைச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கையில் ஒரு போத்தலோடு நேரே கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். நாங்களும் பின்னால் ஓடினோம். திறந்த டிக்கிக்குப் பக்கத்தில் சம்பந்தி கடுதாசிக் கப்போடு நின்றார்.

"மாமா, இது நான் செய்தது. மருமகளை உள்ள கூப்பிடுறதெண்டா இதையும் சேர்த்துக் கூப்பிடுங்கோ. இல்லாட்டி ரெண்டு பேரும் இங்கையே நிக்கிறம்."

மனிதர் டிக்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கப்பைக் கீழே வைத்தார். "குடு பிள்ளை" என்று போத்தலை வாங்கி, எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்தபடி மண்டபத்துக்குள் நடந்தார். அண்ணைக்கு முன்னால் உட்கார்ந்து, ஊற்றி, ஒரு வாய் குடித்தார்.

"கொஞ்சம் புளிக்குது, சம்பந்தி."

"புளிச்செர்ரி பின்னை இனிக்குமோ?" என்று அண்ணை பாய்ந்தார். பாய்ந்தவர் அப்படியே பொலபொலவென்று அழுதார், அத்தனை சனத்துக்கு முன்னால், முகத்தைக்கூட மறைக்காமல். நான் போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "விடடா, சேட்டு கசங்குது" என்றார், நான் விடவில்லை.