புகை குறைத்த படலம்

'முப்பது சதவீதம்' என்று தாளில் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டார் தியாகராசன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

மின் நிலையங்கள் விடும் கரிப்புகையை முப்பது சதவீதம் குறைக்க வேண்டும் என்று டெல்லி விதி போட்டது. எப்படிக் குறைப்பீர்கள் என்று ஒவ்வொரு மாநிலமும் திட்டம் எழுதித் தர வேண்டும். டெல்லி சென்னையைக் கேட்டது. சென்னை தஞ்சாவூரைக் கேட்டது. தஞ்சாவூர் மின்துறை அலுவலகத்தில் இணை இயக்குநர் கோவிந்தராசு சுற்றுமுற்றும் பார்த்தார். மூன்று மாதம் முன்பு மாற்றலாகி வந்த தியாகராசன்தான் கண்ணில் பட்டார்.

"செங்கழனியில நம்ம காஸ் மின் நிலையம் ஒண்ணு இருக்கு. அதுக்கு மாசக் கடைசிக்குள்ள திட்டம் வேணும்."

"எனக்கு அந்த விஷயமே தெரியாதுங்களே சார்."

"ராமநாதபுரத்துல உங்க பழைய நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு."

தியாகராசன் ஐந்து வருஷம் அங்கே மெஸ் சாம்பாரில் காலம் தள்ளியவர். யார் யார் காலையோ பிடித்து ஊர் வந்து சேர்ந்திருந்தார். "இன்னொரு தடவை பெட்டி கட்டினீங்கன்னா வழியனுப்பக்கூட வரமாட்டேன்" என்று மனைவி ஷோபனா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

கோப்பைப் பிரித்தார். அந்த நிலையம் வருஷத்துக்கு நாலு லட்சம் டன் புகை விடுவதாக அதில் இருந்தது. எப்போது, யார் எழுதியது என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. கோப்பில் இருப்பது உண்மை என்பதுதான் இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் கற்ற ஒரே பாடம். நேரில் ஒரு நடை போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. ஜீப்புக்கு எழுதிக் கேட்க வேண்டுமே என்றதும் அந்த ஆசை அடங்கிவிட்டது.

'மரம் நடலாம்' என்று எழுதினார். வேறு யோசனை இல்லாத அலுவலகங்கள் எல்லாம் செய்கிற காரியம் அது என்பதால் உடனே அனுமதியும் கிடைத்தது. ஐம்பதாயிரம் புங்கங்கன்றுகள் ஆறு லாரிகளில் செங்கழனிக்குப் போயின. நிலையத்தைச் சுற்றி வயல்தான். அதனால் என்ன, வரப்பில் நடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் பத்து விவசாயிகள் அலுவலகத்துக்குள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் பக்கிரி.

"வரப்புல மரம் வைக்கச் சொன்ன புண்ணியவான் யாருங்க?"

"நான்தான். வேலை செய்யறவங்களுக்கு நிழலாச்சேன்னு..."

"நிழல் விழுந்தா நெல்லு எப்படிங்க விளையும்? மேல குருவி அடையும், கீழ எலி வளை போடும். குறுவை நட்டிருக்கோம் சார். கன்னையெல்லாம் உங்க தோட்டத்துல வச்சுக்கங்க."

"எனக்குத் தோட்டம் இல்லையே."

"அப்ப மொட்டைமாடியில வைங்க."

ஆறு லாரியும் போன வழியே திரும்பின. கோவிந்தராசு கூப்பிட்டனுப்பினார்.

"போக வர லாரி விட்ட புகையையும் கணக்குல சேர்க்கணும்னு சென்னையில சொல்றாங்க. குறைக்கச் சொன்னா கூட்டி வச்சிருக்கீங்களேய்யா!"

தியாகராசன் அசரவில்லை. நெல் விளைகிற ஊரில் உமிக்கா பஞ்சம்? உமியைக் கலந்து எரித்தால் காஸ் மிச்சமாகும் என்று அவராகவே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்தார். ரைஸ்மில் முதலாளி மீரா உசேனுக்குப் போன் போட்டார்.

"எத்தனை லோடு சார் வேணும்?"

"இருக்கறதையெல்லாம் அனுப்புங்க பாய்."

இடத்தைக் காலி செய்யக் கிடைத்த சந்தர்ப்பத்தை பாய் விடுவாரா? நாற்பது லோடு உமி நிலையத்தின் கேட் வாசலில் மலையாகக் குவிந்தது. அதன் பிறகுதான் சென்னையிலிருந்து ஓர் இன்ஜினீயர் போனில் கத்தினார், காஸ் டர்பைனில் உமியைப் போட முடியாது என்று. அதற்குள் ஆடிக்காற்று பாதி உமியை ஊர்ச் சோற்றில் கலந்துவிட்டது. மீதியில் எவனோ பீடித் துண்டை வீச, நாலு நாள் புகைந்தது. செங்கழனியே இருமியது.

மாதக் கடைசி வந்தது. தியாகராசன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வரி எழுதினார்: 'முப்பது சதவீதம் குறைத்தாகிவிட்டது.' திட்டம் கேட்டவர்களுக்கு முடிந்த காரியத்தையே அனுப்பினால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டார்.

டெல்லி வாயைப் பிளந்தது. நாட்டிலேயே முதலில் சாதித்த நிலையத்தை நேரில் அளந்து பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. செய்தியைக் கேட்ட ஷோபனா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

அந்த நாளும் வந்தது. அன்றுதான் தியாகராசன் முதன்முதலாகச் செங்கழனி நிலையத்தைப் பார்த்தார். அதிகாரி எதையும் கேட்டுவிடக் கூடாதென்று கேட்டிலிருந்தே நையாண்டி மேளம் வைத்திருந்தார். அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, புகைபோக்கியில் கருவியை நுழைத்தார். பார்த்தார். உதறினார். மறுபடி நுழைத்தார். தியாகராசனுக்கு வேட்டி நழுவாத குறை.

"பூஜ்யம்!" என்று கூவினார் அதிகாரி. "முப்பது கேட்டோம், நூறு கொடுத்திருக்கிறீர்கள்!"

தியாகராசன் கழுத்தில் மாலை விழுந்தது. முதல் ஐந்து நிமிஷம் திகைத்து நின்றார். ஆறாவது நிமிஷத்தில் எல்லாம் தன் திறமைதான் என்று மனதார நம்பத் தொடங்கினார். அரசாங்கத்தில் அதற்கு மேல் தாமதம் ஆவதில்லை.

அப்போதே கோவிந்தராசு போனில் வந்தார்.

"பிரமாதம்யா! உங்களைத் தஞ்சாவூர்ல வச்சுக்க எங்களுக்குக் கொடுத்து வைக்கலை. தெக்க கடலோரத்துல நம்ம நிலக்கரி மின் நிலையத்துக்கு உங்களைப் போட்டாச்சு, பதவி உயர்வோட. ஆறு மாசத்துல அங்கயும் பூஜ்யம் பண்ணிடணும். இல்லேன்னா சஸ்பென்ஷன்தான்னு மேலிடம் சொல்லுது."

ஷோபனாவின் முகம் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் பெருமை விடவில்லை. கேட்டருகே நின்ற வாட்ச்மேன் வைரக்கண்ணுவின் கையில் ஒரு லட்டு வைத்தார்.

"எதுக்குங்க சார் இது?"

"இங்க புகையைப் பூஜ்யமாக்கினேன்ல, அதே மாதிரி தெக்க ஒரு பிளான்ட்லயும் பண்ணச் சொல்லி அனுப்பறாங்கய்யா."

வைரக்கண்ணு லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அக்கறையாகக் கேட்டான்:

"அந்த பிளான்டாவது ஓடுதுங்களா சார்? இது காஸ் வராம இழுத்து மூடி ஆறு வருஷமாச்சுங்களே!"