நாற்பத்தொன்றாம் வரிசையைத் தின்ற கிடா

ஓரரூ,
அக்டோபர், வியாழக்கிழமை

அன்புள்ள மருமகள் பிரொன்வினுக்கு மாமனார் எர்வின் எழுதுவது. நானும் உன் மாமியார் எல்மாவும் சுகம். மழை இல்லை. என் மெரினோ செம்மறிக் கிடா டியூக் சுகமா என்று நீ கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன், சுகமில்லை.

உன் விதை ஆராய்ச்சிக்காக என் நிலத்தில் அறுபத்துநாலு வரிசை மெடிக் தீவனச் செடி விதைத்தாய், வரிசைக்கு ஒரு ஊர் விதை. எல்லாம் ஒரே செடிதானேம்மா என்றேன். ஊருக்கு ஊர் அதன் குணம் வேறே, புது ரகம் உண்டாக்க அத்தனை குணமும் கையில் இருக்கணும் என்றாய். இருக்கட்டும். ஆனால் நாற்பத்தொன்றாம் வரிசைக்குப் நீ வைத்திருந்த பழைய விதையில் முளைத்ததே அவ்வளவுதான், வேறே விதை கிடையாது, அது வளர்ந்த மலைச்சரிவில் இப்போது வீடு கட்டிவிட்டார்கள் என்பதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அப்பேர்ப்பட்ட சாமானுக்கு நீ போட்ட வேலி ஒரு கோழியைத் தடுக்குமா? டியூக் உள்ளே போய் அந்த வரிசையை முள்நெற்றோடு வழித்துத் தின்றுவிட்டான். நீ போனில் அழுதாய். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அழுது முடித்துவிட்டு நீ சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"மாமா, அந்த விதைக்குத் தோல் கெட்டி. கொஞ்சமாவது செரிக்காம வெளிய வரும். நாலு நாளைக்கு டியூக்கைக் கட்டிப்போட்டு, ஒரு புழுக்கை விடாமப் பொறுக்குங்க."

இன்றோடு நாலு நாள். நாளை மறுநாள் கண்காட்சி. போன வருஷம் முதல் பரிசு வாங்கினவன், புழுக்கை மண்ணில் சிதறாமலிருக்கத் தகரத்து மேலே நிற்கிறான், நான் வாளியோடு அவன் பின்னால் நிற்கிறேன். எல்மா மாவுச் சல்லடையை ஒளித்துவைத்துவிட்டாள். பக்கத்துப் பண்ணை டெஸ் வேலியில சாஞ்சுக்கிட்டு, "என்ன எர்வின், இன்னிக்கு எத்தனை முட்டை?"ங்கிறான். நாப்பது வருஷமா இந்த ஊர்ல மானமா இருந்தவன்மா நான். இதுல டியூக் ரோமத்துல சிக்கின நெத்தையும் சீவி எடுக்கணுமாம். கண்காட்சிக்கு ரெண்டு நாள் இருக்கறப்போ எவனாவது கிடாவைச் சீவி ரோமத்தைக் கெடுப்பானா? இதுக்கு மேல என்னால ஆகாது. சனிக்கிழமைக்குள்ள வந்து உன் வேலியையும் வரிசையையும் எடுத்துக்கிட்டுப் போயிடு.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காத்து, எனக்குப் பொறுமையும் தருவாராக.

இப்படிக்கு,
எர்வின் நோஸ்கே

பி.கு.: புழுக்கையில் பதினேழு விதை தேறியது. சீவினதில் நாலு நெற்று. எல்லாம் இந்த உறைக்குள் இருக்கிறது. டியூக் கண்காட்சிக்குப் போகப்போவதில்லை. உன் வேலி மேல் குற்றமில்லை, பரிசுக்கு முன்னால் கொஞ்சம் சதை போடட்டும் என்று கதவைத் திறந்துவிட்டவன் நான்தான். எல்மாவிடம் சொல்லாதே. வரிசைகள் இங்கேயே இருக்கட்டும். இன்னொன்று, நாற்பது வரிசையை மோந்துகூடப் பார்க்காமல் நேராக நாற்பத்தொன்றுக்குத்தான் போனான். அதுவும் ஒரு குணம்தானே, உன் நோட்டில் எழுதிக்கொள்.