பால் பல்லுக்கு வரைபடம் கேட்டது குறித்து

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர அனைவரும் நலம். அங்கு எல்லாரும் எல்லாப் பற்களோடும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

உங்கள் ஆறு வயது மருமகளின் கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை நரம்பு வரை போய்விட்டது. வேர்க்கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து புதுப் பல்லின் இடத்தை ஆக்கிரமித்துவிடும் என்றார் டாக்டரம்மா. ஆக்கிரமிப்பு எனக்கு ஆகாது. அதே சமயம், இருபத்திரண்டு வருடமாகப் பாதாளச் சாக்கடைப் பிரிவில் வரைபடம் போடுகிறவன் நான். ஆகவே சம்மதக் கையெழுத்துப் போடுமுன் கால்வாய்களின் வரைபடத்தைக் கேட்டேன்.

"பால் பல்லுக்கு அப்படியெல்லாம் கிடையாது சார். கால்வாய் நாடா மாதிரி தட்டையா இருக்கும், நடுவுல கிளை பிரியும், பக்கத்துக் கால்வாயோட போய்ச் சேரும். உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். எங்கள் அலுவலகத்தில் ஓர் ஒப்பந்தக்காரர் இப்படிப் பேசியிருந்தால் அன்றைக்கே நோட்டீஸ் போயிருக்கும். அதோடு விட்டாரா? வேர்கள் இரண்டும் காலை அகட்டி நிற்குமாம், நடுவில் புதுப் பல் உட்கார்ந்திருக்குமாம், அது வளர வளர மேல்வீட்டுத் தூண்கள் கரைந்துகொண்டே வருமாம், அதற்குத் தோதாக அடைக்கிற பசையும் கரைகிற பசைதானாம். கரையப்போகும் அடைப்புக்கு நான் எப்படி மச்சான் கையெழுத்துப் போடுவேன்?

எக்ஸ்ரே படத்தை வாங்கி வந்து நானே வரைய உட்கார்ந்துவிட்டேன். நூறு மடங்கு அளவில் ஒரு வேர் சாப்பாட்டு மேசையை நிரப்பிவிட்டது, அடுத்தது நாற்காலிகள் மேல் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் தங்கை தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிடுகிறாள். "நீங்க வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள அவளுக்கு ஞானப்பல்லே முளைச்சிடும்" என்கிறாள்.

சனிக்கிழமைக்குள் கையெழுத்து விழாவிட்டால் பல்லைக் காப்பாற்ற முடியாதாம். நீங்கள் உடனே வந்து, தங்கையைச் சமாதானம் செய்து, டாக்டரம்மாவிடம் எனக்கு ஒரு வாரம் அவகாசம் வாங்கித் தர வேண்டும்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், இரண்டு வேளையும் பல் துலக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட மறுக்கும்
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கொடுத்தபோதுதான் உங்கள் தங்கை விஷயத்தைச் சொன்னாள். தாயின் கையெழுத்தே போதுமாம். திங்கட்கிழமையே வேலை முடிந்து, பல்லுக்கு எஃகுத் தொப்பியும் போட்டாகிவிட்டது. மூன்று நாளாக அந்தத் தொப்பி என் எதிரிலேயே பளபளவென்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்திருக்கிறது. என் கண்ணில் ஏன் படவில்லை என்று உங்கள் மருமகளிடமே கேட்டேன்.

"நீங்க படத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்கப்பா. அதுல தொப்பி இல்ல."